அம்மாவைக் கூப்பிடுங்க, அப்பா வேண்டாம்: இணையத் தொலைபேசியில் அழைப்பவரின் விருப்பம்

(அடி அண்ணாமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தலைவர் என்னைத் தொலைத்தொடர்பு வல்லுநர் என்று அறிமுகப்படுத்தினார். வேறு ஊரில் அது செல்லுபடியாகும். இங்கே நான் பி.பி. நம்பரில் வளர்ந்த பையன். முன்வரிசையில் நரைத்த தலைகள் சிரிக்கின்றன. பின்னால் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கல்யாணப் பத்திரிகையில் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்திருப்பார்கள். எண் எங்களுடையது இல்லை, பக்கத்து வீட்டாருடையது அல்லது கடைக்காரருடையது, கூப்பிட்டால் ஆள் அனுப்பி அழைத்து வருவார்கள் என்று பொருள்.

எங்கள் வீட்டு பி.பி. எண், கிரிவலப் பாதை ஓரம் மளிகைக் கடை வைத்திருந்த மாமாவுடையது. உறவு ஒன்றும் இல்லை, ஊருக்கே அவர் மாமா. பௌர்ணமிக்கு இப்போது லட்சக்கணக்கில் வருகிறார்களே, அந்தக் கூட்டம் எண்பதுகளில் கிடையாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் இந்தப் பதினாலு கிலோமீட்டர் பாதையில் மாமா கடை அரிக்கேன் விளக்கைத் தவிர வேறு வெளிச்சத்தைத் தேட வேண்டியிருக்கும். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் கறுப்பு டெலிபோன். டயலின் ஓட்டையில் சின்னப் பூட்டு. சாவி மாமாவின் அரைஞாண் கயிற்றில்.

1986-இல் நான் சென்னையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. ரெண்டு பேப்பர் போய்விட்டது. விடுதியிலிருந்து டிரங்க் கால் பதிவு செய்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து, கடைசியில் லைன் கிடைத்தது.

"மாமா, அம்மாவ மட்டும் கூப்பிடுங்க. அப்பா இருந்தா வேணாம்."

"ரிசல்ட் வந்துடுச்சா?"

"..."

"சரி, சரி. அப்பா கோயில்ல இருக்காரு. அம்மா மணிலா கொல்லைக்குப் போறப்ப சொல்லிட்டுத்தான் போனாங்க, பன்னெண்டு மணி வரைக்கும் அங்கதான் இருப்பாங்க. ஆள் அனுப்புறேன். லைன்ல இருக்கியா, வெச்சுட்டு மறுபடி போடுறியா?"

இவ்வளவுதான் உரையாடல். இருபத்தைந்து ஆண்டுகள் தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்த்த பிறகு சொல்கிறேன்: இன்று நான் பேச வந்த பொருள் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மலை குறுக்கே நிற்பதால் இங்கே சிக்னல் சரியில்லை என்று அடிக்கடி சொல்கிறோம். அது டவரிலிருந்து வரும் அலை. நான் பேசப்போவது சிக்னலிங்: இருவர் பேசத் தொடங்கும் முன்னால், யாரை எங்கே தேடுவது, மணி அடிக்கலாமா, எடுத்தாரா, வைத்தாரா என்று இயந்திரங்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்திகள். குரல் அப்புறம்தான் வரும். பழைய தொலைபேசியில் இதை எக்ஸ்சேஞ்சுகள் பார்த்துக்கொண்டன. இணையத்தின் வழியே பேசுவது என்று வந்தபோது இதற்குப் புதிய நெறிமுறை தேவைப்பட்டது. அதன் பெயர் சிப். மார்க் ஹேண்ட்லி, ஹென்னிங் ஷுல்ட்ஸ்ரின், ஈவ் ஸ்கூலர், ஜொனாதன் ரோசன்பெர்க் ஆகியோர் எழுதிய முதல் வரையறை 1999 மார்ச்சில், இணைய நெறிமுறைகளை வெளியிடும் ஆர்.எஃப்.சி. என்ற ஆவண வரிசையில், 2543 என்ற எண்ணோடு வந்தது. 2002 ஜூனில் ஆர்.எஃப்.சி. 3261 அதை மாற்றி எழுதியது. அதே 2002-இல், ஏப்ரல் 1 முதல், நம் அரசும் இணையத் தொலைபேசியை வரம்புகளோடு அனுமதித்தது. கணினியிலிருந்து அமெரிக்காவுக்குப் பேசலாம், உள்ளூர் லேண்ட்லைனுக்குப் பேசக் கூடாது என்ற வேடிக்கையான வரம்பு அன்று இருந்தது.

சிப்பில் நடுவில் ஒரு பிராக்ஸி உட்கார்ந்திருக்கும். நம் கருவி "நான் இப்போது இந்த முகவரியில் இருக்கிறேன், இன்னும் ஒரு மணி நேரம் இருப்பேன்" என்று அதனிடம் பதிந்துவைக்கும். நேரம் முடிந்தால் பதிவு தானாக அழியும். அம்மா கொல்லைக்குப் போகிற வழியில் மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனாரே, அதேதான். பன்னிரண்டு மணிக்கு மேல் அந்தத் தகவல் செல்லாது. ஒரே ஆளுக்குப் பல பதிவுகள் இருக்கலாம்: மேசைத் தொலைபேசி, கைபேசி, கணினி, செய்தியைப் பதிந்துகொள்ளும் இயந்திரம். அழைப்பு வந்ததும் பிராக்ஸி இந்தப் பட்டியலைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் மணி அடிக்கலாம், ஒன்றன்பின் ஒன்றாகவும் அடிக்கலாம்.

கேள்வி இங்கேதான் எழுகிறது. பட்டியலில் யாருக்கு முதலில் அடிப்பது என்பதை யார் முடிவு செய்வது? தானியங்கித் தொலைபேசியில் அழைப்பவருக்கு இதில் பேச்சே இல்லை. எண்ணைச் சுழற்றினால் அந்த எண் இருக்கும் மேசையில் மணி அடிக்கும், எடுக்கிறவர் எடுப்பார். அப்பாவே எடுப்பார். எக்ஸ்சேஞ்ச் தானியங்கியானபோது நாம் வேகத்தைப் பெற்றோம், மாமாவை இழந்தோம்.

அவருக்கு முன்பே அந்த வேலையைப் பார்த்தவர்கள் டிரங்க் ஆபரேட்டர்கள். இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய அம்மையாரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அப்படிப் பணிசெய்தவர்தான் என்பதால் இதைச் சொல்லாமல் போக மனமில்லை. அழைப்பவர் தன் விருப்பத்தை அவர்களிடம் வாயால் சொல்லலாம். ஆர்டினரியா, இரட்டைக் கட்டணத்தில் அர்ஜென்டா, எட்டு மடங்கில் லைட்னிங்கா? அதோடு இன்னொன்றும் உண்டு, அதுதான் அசல் பி.பி. கால்: "பர்ட்டிகுலர் பர்சன்". இன்னார் வந்தால்தான் பேசுவேன் என்று பெயர் சொல்லிப் பதிவு செய்வது. அதற்குத் தனிக் கட்டணம். அந்த ஆள் வந்து ரிசீவரைக் கையில் வாங்கிய பிறகுதான் நிமிடக் கணக்கு ஓடும். பணம் கொடுத்து வாங்கும் விருப்பம் என்று இதைக் குறை சொல்லலாம். ஆனால் விருப்பத்தைச் சொல்ல ஒரு வாய் இருந்தது.

அந்த வாயைத் திருப்பிக் கொடுத்த ஆவணம் 2004 ஆகஸ்டில் வந்தது. ஆர்.எஃப்.சி. 3841. எழுதியவர்கள் ரோசன்பெர்க், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஷுல்ட்ஸ்ரின், சிஸ்கோவின் பால் கைசிவாட். அதே மாதம் வந்த 3840 அதன் மறுபாதி: கருவி தன்னைப் பற்றிப் பிராக்ஸியிடம் என்னென்ன சொல்லலாம் என்பது. நான் நடமாடும் கருவி, நான் மேசையில் நிலைத்திருப்பவன், எனக்கு வீடியோ வரும், என்னிடம் இன்ன மொழி பேசலாம், நான் அலுவலக எண், நான் வீட்டு எண், நான் மனிதனே இல்லை, இயந்திரம். "ஆக்டர்" என்று ஒரு குறி இருக்கிறது. அதற்கு நான்கு மதிப்புகள்: தேடப்படும் ஆளே, அவரிடம் இணைத்துவிடும் உதவியாளர், செய்தியை வாங்கி வைப்பவர், தகவல் மட்டும் சொல்பவர். ஒரு வீட்டு வாசலில் யார் யார் நிற்பார்கள் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

அழைப்பவர் தன் விருப்பத்தை அழைப்பிதழின், அதாவது இன்வைட் செய்தியின், தலைப்பு வரிகளில் எழுதி அனுப்புகிறார். வேண்டியதைச் சொல்ல "அக்செப்ட்-கான்டாக்ட்". வேண்டாததைச் சொல்ல "ரிஜெக்ட்-கான்டாக்ட்". தேடும் முறையைச் சொல்ல "ரிக்வெஸ்ட்-டிஸ்பொசிஷன்". முதல் இரண்டிலும் பெயரோ எண்ணோ இருக்கும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறிதான் நிற்கும். அதன் பின்னால் குணங்கள் வரிசையாக வரும். எனக்கு இதைப் படித்த அன்று அகத்திணைதான் நினைவுக்கு வந்தது. அகப்பாட்டில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. பெயர் போய்விட்டால் மிஞ்சுவது குணமும் நிலமும் பொழுதும். நட்சத்திரக் குறியும் அதைத்தான் கேட்கிறது: யாராக இருந்தாலும் சரி, இப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்.

தேடும் முறையைப் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். ஒரு தடவை என் பெரியண்ணன் பம்பாயிலிருந்து கூப்பிட்டபோது, மாமா இரண்டு பையன்களை ஒரே நேரத்தில் விரட்டினார், ஒருவன் வீட்டுக்கு, ஒருவன் கொல்லைக்கு. வீட்டிலிருந்த சித்தி ஓடிவந்து பேசி முடித்து வைத்தும்விட்டார். கொல்லைக்கு ஓடிய பையனைத் திருப்பிக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. அம்மா முந்தானையில் மண்ணோடு மூச்சிரைக்க வந்து நின்றபோது ரிசீவர் கீழே இருந்தது. இப்படி ஒரே நேரத்தில் பல இடங்களில் தேடுவதற்குச் சிப்பில் பெயர் பேரலல் ஃபோர்க்கிங். ஒருவர் எடுத்தவுடன் மற்ற கிளைகளுக்கு "கேன்சல்" போக வேண்டும். மூன்றாவது தலைப்பில் அழைப்பவர் சொல்லலாம்: ஒரே நேரத்தில் தேடு, அல்லது ஒவ்வொருவராகத் தேடு, ஆள் வேறு பேச்சில் இருந்தால் நான் வரிசையில் காத்திருக்கிறேன், அல்லது காத்திருக்க மாட்டேன். லைனில் இருக்கியா என்று மாமா கேட்டாரே, அந்தக் கேள்விக்கான பதிலை முன்கூட்டியே எழுதி அனுப்புவது.

இனிமேல்தான் நுட்பம். அக்செப்ட்-கான்டாக்ட் வரியில் மூன்று குணங்கள் கேட்டிருக்கிறேன் என்று வையுங்கள்: நடமாடும் கருவி, வீடியோ, தமிழ். ஒரு கருவி நடமாட்டத்தையும் தமிழையும் சொல்லியிருக்கிறது, வீடியோவைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதற்கு மூன்றில் இரண்டு மதிப்பெண். எதிர்மாறாகச் சொன்ன கருவிக்குச் சுழியம், ஆனால் பட்டியலிலிருந்து விலக்க மாட்டார்கள்; கடைசியில் நிற்கும். "ரிக்வயர்" என்ற சொல்லை நான் கூடவே சேர்த்தால்தான் பொருந்தாதது விழும். "எக்ஸ்ப்ளிசிட்" என்று சேர்த்தால், வாயைத் திறந்து சொல்லாதவருக்கும் மதிப்பெண் கிடையாது. இரண்டையும் சேர்த்தால் சொல்லாதவரும் வெளியே. பொறியாளர்களே இதில் தடுமாறினார்கள் போலும். 2006 ஜூலையில் ரோசன்பெர்க்கும் கைசிவாட்டும் எடுத்துக்காட்டுகளோடு ஒரு வழிகாட்டியை, ஆர்.எஃப்.சி. 4596, தனியாக எழுதினார்கள்.

வேண்டாம் என்று விலக்குவதில் இன்னும் கவனம். ரிஜெக்ட்-கான்டாக்ட் வரியில் நான் குறிப்பிட்ட குணங்களை ஒரு கருவி தானே அறிவித்திருந்தால் மட்டுமே அதை நீக்கலாம். அறிவிக்காததை ஊகித்து நீக்கக் கூடாது. இன்னொரு படி மேலே போகிறார்கள்: தன்னைப் பற்றி எதையுமே சொல்லாத கருவியை, இந்தக் கணக்கு நடக்கும் வரை பட்டியலிலிருந்து எடுத்து ஓரமாக வைத்து, முடிந்ததும் பழையபடி சேர்த்துவிட வேண்டும். விருப்பத்தின் கத்தி அதன்மேல் படாது. "விலக்குப் பெற்றது" என்றே அதற்குப் பெயர். பேசாதவனைத் தண்டிக்காதே என்று ஒரு தொழில்நுட்ப ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் இந்தப் பத்தியை இளைஞர்களுக்குப் பாடம் எடுக்கும்போது இரண்டு தடவை படிக்கச் சொல்வேன்.

எல்லாம் கழிந்து பட்டியல் காலியானால்? 480 என்று ஒரு பதில் எண் வரும், தற்காலிகமாகக் கிடைக்கவில்லை. "இப்ப யாரும் இல்ல தம்பி, சாயந்திரம் போடு."

சரி, அழைப்பவரின் விருப்பமும் அழைக்கப்படுபவரின் விருப்பமும் மோதினால்? பதிவு செய்யும்போதே கருவிக்குச் சுழியத்திலிருந்து ஒன்று வரை ஒரு முன்னுரிமை எண் கொடுக்கலாம். க்யூ மதிப்பு என்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா கொடுத்திருந்தார்: "மொதல்ல வீட்டுக்கு அனுப்புங்கண்ணா, நான் இல்லன்னா கொல்லைக்கு." வீடு 1, கொல்லை 0.5. ஆர்.எஃப்.சி. 3841 சொல்லும் வரிசை இதுதான்: முதலில் அழைக்கப்படுபவரின் க்யூ மதிப்பை வைத்து அடுக்கு, ஒரே மதிப்பில் இருப்பவர்களுக்குள் மட்டும் அழைப்பவரின் மதிப்பெண்ணைப் பார். அழைப்பவர் ஆளை விலக்கலாம். ஆனால் அவர் விருப்பத்துக்காக அந்த வீட்டாரின் வரிசை கலைவதில்லை. யார் வீட்டு வாசல் என்பதை மறக்காத முடிவு இது. கடன் வசூலிப்பவரும் விளம்பரக்காரரும் அழைப்பவர்தான் என்பதை யோசித்தால் இதன் அருமை புரியும். இயந்திரம் எடுக்கக் கூடாது, ஆளேதான் எடுக்க வேண்டும் என்று அவர்களும் கேட்பார்களே.

இதெல்லாம் ஆவணத்தில் இருக்கிறது, நடைமுறையில் எங்கே என்று கேட்பீர்கள். உங்கள் சட்டைப் பையில். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவையைத் தொடங்கியபோது அந்த வலையமைப்பில் பழைய 2ஜி, 3ஜி வழி கிடையாது. பேச்சு முழுவதும் வோல்ட்இ, அதாவது 4ஜி இணைய வழிக் குரல். அதன் சிக்னலிங் சிப்தான். இந்த மண்டபத்துக்கு வெளியே போய் ஒரு வோல்ட்இ கால் போடுங்கள். நீங்கள் பச்சைப் பொத்தானைத் தொட்டதும் கைபேசி ஒரு இன்வைட் செய்தியை எழுதும். அதில் அக்செப்ட்-கான்டாக்ட் என்ற வரி இருக்கும். நட்சத்திரத்துக்குப் பின்னால் "எம்எம்டெல்" சேவை அறிந்த கருவி வேண்டும் என்று எழுதியிருக்கும். ஜி.எஸ்.எம். சங்கத்தின் ஐ.ஆர். 92 ஆவணம் அப்படி எழுதச் சொல்கிறது. எதிர்ப்பக்கக் கைபேசியும் பதியும்போது அதே குறியைச் சொல்லியிருக்கும். இரண்டும் பொருந்தி, மணி அடிக்கும். மணிலா பிடுங்குகிற பாட்டியும் கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாவும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அழைப்பவரின் விருப்பத்தை எழுதி அனுப்புகிறார்கள். அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எனக்குள்ள மனக்குறையும் அங்கேதான். அந்த வரியைக் கைபேசி தனக்காக எழுதிக்கொள்கிறது. நாம் எழுத ஒரு இடம் கொடுக்கவில்லை. வாய்ஸ்மெயிலுக்கே நேராகப் போகட்டும், அவர் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம்; வீட்டு எண்ணில் மட்டும் அடி, அலுவலக எண்ணில் வேண்டாம்; தமிழ் தெரிந்தவர் எடுக்கட்டும். இதற்கெல்லாம் சொல் இருக்கிறது, இருபது வருஷமாக இருக்கிறது, பொத்தான் இல்லை. பொத்தான் இல்லாததால் நம் ஜனங்கள் தாங்களே ஒரு முறையைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். மிஸ்டு கால். ஒரு மணி அடித்தால் வீட்டுக்கு வந்துவிட்டேன், இரண்டு அடித்தால் திருப்பிக் கூப்பிடு. எடுக்கவே கூடாது என்பதுதான் அதில் அழைப்பவரின் விருப்பம்! எந்த ஆர்.எஃப்.சி.யிலும் இது கிடையாது.

மொழி விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் என் அத்தைக்காக ஒரு அலுவலகத்தின் சேவை எண்ணைக் கூப்பிட்டேன். ஒன்பது மொழிகளின் வரவேற்பைக் கேட்டு, தமிழுக்கான எண்ணை அழுத்தி, பிறகு நான்கு படி இறங்கி, பாட்டுக் கேட்டு, கடைசியில் எடுத்தவருக்குத் தமிழ் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் அழுத்திய எண் எங்கோ ஒரு படியில் உதிர்ந்துவிட்டது. பொத்தானை அழுத்துகிற முறையில் விருப்பம் அழைப்போடு பயணம் செய்வதில்லை, வாசலில் நிற்கும் இயந்திரத்திடம் மட்டும் சொல்லப்படுகிறது. அந்த இயந்திரமும் அழைக்கப்படுபவருடையது. தலைப்பு வரியில் எழுதியிருந்தால் கடைசி மேசை வரை கூடவே போயிருக்கும். 2018 மே மாதம் வந்த ஆர்.எஃப்.சி. 8373 இன்னும் நுணுக்கமாக, எந்த மொழியில் பேசுவேன், எந்த மொழியில் கேட்பேன் என்று இரண்டையும் தனித்தனியே சொல்ல வழிசெய்கிறது. புரியும், பேச வராது என்பவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்! கிரிவலப் பாதையில் ஆந்திராவிலிருந்து வந்த குடும்பத்தில் ஒருவர் மயங்கி விழுந்து, யாரோ ஒருவரின் கைபேசியில் ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடுகிற காட்சியை இந்த ஊர்க்காரர்கள் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

விருப்பத்தை எழுதுவதில் ஆபத்தும் உண்டு. தமிழ் பேசுபவர் வேண்டும் என்று நான் எழுதிய வரி, வழியில் இருக்கும் ஒவ்வொரு பிராக்ஸிக்கும் நான் யார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறது. மாமாவுக்கு என் ரிசல்ட் தெரிந்தது போல. மாமா யாரிடமும் சொல்லவில்லை. எல்லாக் கடைக்காரரையும் அப்படி நம்ப முடியாது.

முடிப்பதற்கு முன் ஒரு வகை அழைப்பு மிச்சமிருக்கிறது. இன்னாரைப் பற்றிய செய்தி, இன்னாருக்கே போக வேண்டிய செய்தி, ஆனால் அவரிடம் முதலில் சொல்லக் கூடாது. ரிஜெக்ட்-கான்டாக்ட், ஆக்டர், "தேடப்படும் ஆளே". ஒரே வரியில் எழுதிவிடலாம். அப்படி ஒரு வரியை யார் எழுதுவார்கள் என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை.

1987 கார்த்திகையில் ஒரு விடியற்காலை விடுதி அலுவலகத்துக்கு லைட்னிங் கால் வந்தது. புளியை நிறுக்கும்போது தராசு முள்ளை மூன்று தடவை பார்க்கிற மாமா, எட்டு மடங்கு கட்டணத்தில் போட்ட கால். காவலாளி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போயிருக்கிறார். "அவனக் கூப்பிடாதீங்க" என்றாராம் மாமா. "அவன்கூட ரூம்ல யாரு இருக்காங்களோ அவங்கள வரச் சொல்லுங்க."

அறை நண்பன் எழுந்து போனது அரைத் தூக்கத்தில் தெரிந்தது. பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தான். விளக்கைப் போடவில்லை. என் சட்டையை ஆணியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்து, "வா, கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்" என்றான்.